திரும்பி வருவதற்கான ஏற்பாடு

"கண்ணை மூடிக்கிட்டா வீடு எங்கப்பா போகுது?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு வாய் நிறையப் பேச்சு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பன் செருப்பை விட்டுவிட்டு அவள் முன்னால் குந்தினான்.

"எங்கயும் போகாது குட்டி. நாம பார்க்காதப்பவும் அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும். நம்பிக்கை இல்லன்னா கையை நீட்டித் தொட்டுப் பாரு."

குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டியது. அவன் முகத்தைத் தடவிவிட்டு, "இது வீடு இல்ல, மூக்கு" என்றது. அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேள்வி அன்றோடு மறந்துபோயிற்று. சில கேள்விகள் மறந்தது போல இருந்துவிட்டு, வேண்டிய நேரத்துக்குத் தாமாக வந்து நிற்கும்.

அவனுக்குத் தெருவில் பளபளா என்று பெயர். நகல் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, லேமினேஷன் போடுவது அவன் தொழில். ஒரு காகிதம் அவன் கைக்குப் போனால் பளபளவென்று திரும்பி வரும் என்பதால் அந்தப் பெயர். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. மகளின் பள்ளிக்கூட அட்டவணை, அவள் முதன்முதலில் வரைந்த கோணல் யானை, மருந்துச் சீட்டு, சுவரில் மாட்டிய பிரார்த்தனை வரிகள் எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சட்டை போட்டுவிட்டான். "நல்லவேளை, நான் உள்ள போற அளவுக்கு மெஷின் பெரிசா இல்ல" என்பாள் மனைவி. அவன் அன்பு காட்டும் விதம் அதுதான். கெட்டுப்போகாமல் வைத்துவிடுவது.

மனைவி தையல்காரி. துணி தைக்கிற பட்டறையில் பல வருஷம் இருந்தவள். பிறகு வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்தாள். ஒருநாள் திடீரென்று மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, "போரடிக்குதுங்க" என்றாள். உழைத்துப் பழகிய கை போரடிக்கிறது என்று சொன்னது அவனுக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"பனி பெய்யற ஊருக்குப் போகணுங்க. நாம மூணு பேரும்."

கல்யாணம் ஆனதிலிருந்து தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்காதவள். அவனுக்குச் சந்தோஷம் தலைக்கேறியது.

"போலாம். அதுக்கென்ன? அடுத்த வருஷம் பாப்பாவுக்கு லீவு விட்டதும்..."

"அடுத்த வருஷம் வேணாம். இந்தக் குளிருக்கு."

"ஏன், அடுத்த வருஷம் பனி கரைஞ்சு போயிடுமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, "இந்தக் குளிருக்குங்க" என்று மறுபடி சொன்னாள். அவன் சேமிப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். சேமிப்பு இருந்தது, கையும் காலும் நன்றாக இருந்தன, பயப்பட ஒரு காரணமும் இல்லை. இருந்தும் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.

யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது. வேலை தொடங்கியது. மனைவியின் அண்ணன் பஸ் ஓட்டுகிறவன், எப்போதோ ஒருமுறை கம்பெனிக்காரர்களோடு வெளிநாடு போய்வந்தவன். அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்வான். இடுப்பில் கட்டிக்கொள்கிற பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"மாப்ளே, பாஸ்போர்ட்டை இதுல வெச்சு இடுப்புல கட்டிக்கணும். தூங்கும்போதும் அவுக்கக் கூடாது. அப்புறம் ஃபோட்டோல சிரிச்சுடாதே. சிரிச்சா திருப்பி அனுப்பிடுவான்."

"என் மூஞ்சிக்கு அந்தக் கவலையே இல்ல மச்சான்."

"அதுவும் சரிதான். உன்னைப் பார்த்தா விசா குடுக்கறவனே அழுதுடுவான்."

போட்டோ ஸ்டுடியோ பளபளாவின் கடைக்கு அடுத்த கடை. நடத்துகிறவளைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். கணவன் போன பிறகு தனியாக நின்று அந்தக் கடையைக் காப்பாற்றியவள். எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வாய் சொல்வதை நம்பாமல் முகம் சொல்வதை நம்பக் கற்றவள்.

மனைவி ஸ்டூலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அக்கா கேமராவுக்குப் பின்னால் போனாள்.

"நேரா என்னைப் பாரு கண்ணு."

"பார்க்கறேன்க்கா."

"இங்க. என்னை."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

 அக்கா படத்தை எடுத்துத் திரையில் போட்டாள். முகம் அழகாகத்தான் விழுந்திருந்தது. பார்வை மட்டும் சற்றே விலகி, அக்காவின் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல அங்கே போயிருந்தது. மகள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

"அம்மா யாரைப் பார்க்கறா?"

அக்கா தன்னை அறியாமல் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் சுவர். பளபளா, நகல் கடைக்காரன், தானும் அந்தச் சுவரைப் பார்த்தான்.

"தூக்கம் சரியில்லக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி. அக்கா வேறு படம் எடுத்தாள், முகவாயை இரண்டு விரலால் மெல்லத் திருப்பி வைத்து. அந்தப் படம் சரியாக வந்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பாஸ்போர்ட்டுகள் வந்த அன்று மூன்றையும் சாப்பாட்டு மேசை மேல் வரிசையாக வைத்தார்கள். மகள் தன் படத்தைப் பார்த்து, "நான் ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கேன்" என்றாள். மனைவி தன்னுடையதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எதையோ எடுக்கக் கையை நீட்டினாள். கண்ணெதிரே இருந்த தண்ணீர் டம்ளர் அவள் முழங்கையில் பட்டுச் சாய்ந்தது. தண்ணீர் மேசை மேல் ஓடி, புத்தகத்தின் ஓரத்தை நனைத்தது.

அவன் பாய்ந்து எடுத்தான். சட்டையால் துடைத்தான். ஓரம் மட்டும்தான் ஈரம், படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனைவி அப்படியே உறைந்துபோய் நின்றாள். மேசையைப் பார்த்த அந்த முகத்தில் இருந்தது, தண்ணீர் கொட்டியதற்கான பயம் அல்ல. அதைவிடப் பெரியது.

"விடு, டம்ளர்தானே" என்றான்.

"அங்க டம்ளர் இருந்துச்சா?" என்றாள், மெதுவாக.

அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அவன் மனசெல்லாம் புத்தகத்தில் இருந்தது. இனி ஒரு சொட்டுத் தண்ணீர் இதைத் தொடக் கூடாது. கடைக்கு எடுத்துக்கொண்டு போனான். சூடு காட்டினால் உள்ளே இருப்பது கெடும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் சூடில்லாமலே ஒட்டும் கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளை எடுத்தான். படம் இருக்கும் பக்கத்தின் அளவுக்குப் பிளேடால் நறுக்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டி, உருளையை ஓட்டினான். ஒரு கொப்புளம் கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது. அவன் வாழ்நாளிலேயே அவ்வளவு நேர்த்தியாக வேறொன்றை ஒட்டியதில்லை. நல்ல தாள் அத்துடன் தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

வீட்டுக்கு வந்து அவள் கையில் கொடுத்தான். அவள் பார்க்கவில்லை. கட்டை விரலால் அந்தப் பக்கத்தைத் தடவினாள்.

"வழுவழுன்னு இருக்கு" என்றாள். "பத்திரமா பண்ணியிருக்கீங்க."

உலகத்தில் எத்தனையோ ஆபத்துகள் கெட்டவர்கள் கையால் வருகின்றன. ஆனால் அன்புள்ள ஒருவன் கவனமாக உட்கார்ந்து செய்கிற ஆபத்தும் உண்டு. அது வரும்போது சத்தமே இருக்காது.

விசா அலுவலகத்தில் மூவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் முதலில் அவனுடையதைப் பார்த்தாள், பிறகு மகளுடையதை. மூன்றாவதை விரித்ததும் நின்றாள். நகத்தால் பக்கத்தின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இதை யாரு ஒட்டினது?"

அவன் புத்தகத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"மேல எதையாவது ஒட்டினா இது செல்லாது. படத்தை மாத்தியிருக்காங்களோன்னு சந்தேகம் வரும். பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய் வேற வாங்கிட்டு வாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அவங்க கேள்வி கேப்பாங்க. பதில் தயாரா வெச்சுக்குங்க."

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, நம்மளைப் பிடிச்சுட்டுப் போவாங்களா?"

"சும்மா இரு" என்றான். குழந்தையிடம் அவன் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

மகளை அக்காவின் கடையில் விட்டுவிட்டு இருவரும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனார்கள். நெடுகப் போகும் ஒரு நடைக்கூடம். இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். வரிசை எண் கூப்பிடும் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தது, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், யார் முகத்திலும் ஈயாடவில்லை. மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பயத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தான்.

அவனுக்கோ பயம் வேறு. தெருவில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் நகலெடுக்க அவன் கடைக்குத்தான் வருகின்றன. அப்படிப்பட்டவன் ஒரு பாஸ்போர்ட்டில் கைவைத்தான் என்று பெயர் வந்தால் போதும். கடையைச் சோதனை போடுவார்கள். மூடினாலும் மூடுவார்கள். அந்தக் கடையை நம்பித்தான் மூன்று வயிறு.

உள்ளே இருந்த அதிகாரி வயதானவர். பேச்சில் கடுமை இல்லை, அதுவே இன்னும் பயமாக இருந்தது. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கடை வெச்சிருக்கேன் சார்."

"என்ன கடை?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. 

"நான்தான் சார் ஒட்டினேன்" என்றாள் மனைவி. "இவருக்குத் தெரியாது. மேல தண்ணியக் கொட்டிட்டேன். இவரு திட்டுவாருன்னு பயந்துக்கிட்டு, வீட்டுல கிடந்த ஒட்டுத்தாளை எடுத்து நானே ஒட்டிட்டேன்."

"நீங்களா? இவ்வளவு நேர்த்தியாவா?"

"தையல்காரி சார். நூல் பிடிச்சு வெட்டின கை."

அவன் அவளைப் பார்த்தான். அவள் முகம் அதிகாரியின் பக்கமாக, கொஞ்சம் விலகி, அமைதியாக இருந்தது. அவள் பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. காய்கறிக்காரன் தவறிக் கூடுதலாகப் போட்டாலும் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். இப்போது அவனுக்காகப் பொய்யைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான்தான் செய்தேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, நின்றது, போய்விட்டது. அவன் சொல்லவில்லை.

"நடந்ததை எழுதிக் குடுங்க" என்றார் அதிகாரி.

"என் எழுத்து கோணலா வரும் சார். இவரு எழுதட்டும், நான் கையெழுத்துப் போடறேன்."

அவன் எழுதினான். தான் செய்ததை அவள் செய்ததாக, தன் கையாலேயே எழுதினான். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கை அது. அன்றைக்குத்தான் அதற்கு எழுத்தின் பாரம் தெரிந்தது. எழுதி முடித்துப் பேனாவை அவளிடம் கொடுத்தான்.

அவள் குனிந்தாள். இடது கையால் மேசையைத் தடவினாள். பேனாவை ஊன்றி எழுதத் தொடங்கினாள். காகிதத்தில் அல்ல, காகிதத்துக்குப் பக்கத்தில், மேசையின் மரத்தில். அவள் பெயரின் முதல் எழுத்து அந்தப் பலகையில் நீலமாக விழுந்தது.



அதிகாரி அதைப் பார்த்தார்.  காகிதத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, ஓசையில்லாமல் அவள் பேனாவுக்கு அடியில் நகர்த்தினார். அவள் நிறுத்தாமல் கையெழுத்தைப் போட்டு முடித்தாள். பெயர் முதலெழுத்து இல்லாமல் இருந்தது. அவர் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார். அந்த மனிதர் அன்று செய்த வேலைகளிலேயே பெரியது அதுவாகத்தான் இருக்கும். கடவுள் பார்த்திருப்பார்.

கடைக்காரனும் பார்த்தான். மூடி வைத்த தையல் மெஷின், சாய்ந்த டம்ளர், ஸ்டூலைத் தடவிய கை, யாருமே நிற்காத இடத்தில் நின்ற பார்வை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன் முன்னால் நின்றன. இந்தக் குளிருக்கு என்று அவள் ஏன் அவசரப்பட்டாள் என்பது அவனுக்குப் புரிந்தது. புரிந்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலி கீழே கீழே போவது போல இருந்தது.

"புதுசு வந்துடும்மா" என்றார் அதிகாரி. "ஆனா விசாரணை முடியணும். எப்பன்னு நான் சொல்ல முடியாது."

"பனி முடியறதுக்குள்ள வந்துடுமா சார்?"

"பனியா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

திரும்பி வரும் வழியில் அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். எதற்காகப் பிடித்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. படி வந்தால் அவன் கொஞ்சம் முன்னதாகக் காலை எடுத்து வைத்தான், அந்த அசைவு அவள் கைக்குப் போகட்டும் என்று. அதைத் தவிர அவனால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

மச்சான் அன்று மாலையே வந்து நின்றான்.

"பளபளா மாப்ளே, கடைசியில பாஸ்போர்ட்டையும் விட்டு வைக்கலியா? நான் செத்தா என் கட்டையையாவது வெறுமனே போக விடுவியா, இல்ல அதுக்கும் ஒரு கவர் போட்டு அனுப்புவியா?"

"அண்ணா, அது நான் பண்ணினது" என்றாள் அவள். "அவரை ஒண்ணும் சொல்லாதே."

 கடைக்காரன் தலை நிமிரவில்லை. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவள் அதே பதிலைச் சொன்னாள். அவனுக்கு ஒவ்வொரு முறையும் பாரம் ஏறிக்கொண்டே போனது.

அடுத்த நாள் ஸ்டுடியோவுக்குத் தனியாகப் போனான்.

"அக்கா, அவளுக்குக் கண்ணுல..." என்று ஆரம்பித்தான். 

அக்கா லென்ஸ் துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுடுச்சா?" என்றாள். "டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன், தம்பி. அந்த ஃபோட்டோ எடுத்த வாரமே. அதுக்கு முன்னாடி அவ தனியாவும் போயிருக்கா. ஓரத்துல இருந்து இருட்டு மூடிக்கிட்டே வருதாம். இப்ப நடுவுல ஒரு வட்டம் மட்டும் தெரியுதாம். அந்த வட்டமும் சிறுத்துக்கிட்டு வருது."

"வைத்தியம்?"

"ஒண்ணும் இல்லன்னுட்டாரு. வேற டாக்டரும் அதையேதான் சொன்னாரு. வேற ஒரு நோவும் இல்ல, கண்ணு மட்டும்தான்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? கடையை வித்துட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவே. இருக்கற வெளிச்சத்தை வெயிட்டிங் ரூம்லயே செலவு பண்ண வெப்பே. அவ சொன்னது, 'எம் பொண்ணு பனியில ஓடறதை ஒரு தடவை பாத்துடறேன்க்கா. அப்புறம் நானே அவருகிட்ட சொல்லிக்கறேன்.' சத்தியம் வாங்கிட்டா. இப்ப நீயா வந்து கேட்டதால சொல்றேன்."

அவன் வாசலில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டான். "அக்கா, அந்தத் தாளை ஒட்டினது நான்."

"அதுவும் தெரியும்" என்றாள் அக்கா. "தையக்காரி வெட்டினா ஓரம் துணி மாதிரி இருக்கும். பாப்பாவை விட வந்தப்ப புத்தகத்தைப் பாத்தேன், அது பிளேடு வெட்டு." பிறகு குரல் இளகியது. "உனக்குத் தெரிஞ்ச மாதிரி அவகிட்ட காட்டிக்காதே. அவ சொல்ற நாள் வரைக்கும் நீ தெரியாதவனா இரு. அது ஒண்ணுதான் உன்னால குடுக்க முடிஞ்சது."

புதுப் படம் எடுக்க வந்தபோது அக்கா கேமராவுக்கு மேலே ஒரு சின்ன விளக்கைக் கட்டி வைத்திருந்தாள். "இந்த வெளிச்சத்தைப் பாரு கண்ணு" என்றாள். மனைவியின் முகம் விளக்கைத் தேடி இப்படியும் அப்படியும் போயிற்று. பூச்செடியில் எதையோ தேடுகிற வண்டு போல. கடைசியில் கண்டுபிடித்தது. அவ்வளவு நேரமும் கடைக்காரன் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்காதவன் போல.

பிறகு காத்திருப்பு. அதை விவரிக்க முடியாது. வெளியே குளிர் ஏறிக்கொண்டிருந்தது. கம்பளிச் சட்டைகள் வந்தன, பெட்டி வந்தது, மருந்துப் பை வந்தது, பயணக் காப்பீடு வந்தது. பாஸ்போர்ட் மட்டும் வரவில்லை. வீட்டுக்குள் அவள் சுவரோரமாக நடக்கத் தொடங்கினாள். சாயங்காலம் ஆனால் விளக்கு எரிந்தாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள். துணி மாற்றும்போது அவள் இடுப்பில் அடிபட்டுக் கன்றிய ஒரு நீலத் தடத்தைப் பார்த்தான். சாப்பாட்டு மேசையின் முனை உயரத்துக்குச் சரியாக இருந்தது.

"அப்பா, அம்மா என்னைப் பார்க்காமலே என்கிட்ட பேசறா" என்றாள் மகள் ஒருநாள்.

"காதால பார்க்கறா" என்றான்.

"போங்கப்பா, காதுல எங்க கண்ணு இருக்கு?"

தினமும் படுக்கும் முன் அவன் பிரார்த்தனை வரிகள் மாட்டிய சுவருக்கு முன்னால் நிற்பான். கண்ணைத் திருப்பிக் கொடு என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. இல்லாததைக் கேட்கிறோமோ என்று பயம். அந்த இருட்டைக் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல் என்று மட்டும் கேட்பான். நான் திருடிய நாட்களை அவள் கணக்கில் பிடிக்காதே என்பான்.

குளிர் உச்சத்தைத் தாண்டித் திரும்பத் தொடங்கியபோது பாஸ்போர்ட் வந்தது. மச்சான் தன் பஸ்ஸுக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு விசா அலுவலகத்துக்கு அலைந்தான். விசாவும் வந்தது. மலையில் இன்னும் பனி இருக்கிறதாம், மேலே போனால் நிச்சயம் இருக்குமாம் என்று கேட்டு வந்து சொன்னான். "இருக்கும்" என்றாள் அவள். பனியைப் பற்றிச் சொன்னாளா, தன் வட்டத்தைப் பற்றிச் சொன்னாளா என்று கடைக்காரனுக்குத் தெரியவில்லை. இரண்டில் எது முதலில் தீரும் என்று யாருக்கும் தெரியாது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பகலில், குல்லாவும் கையுறையும் வாங்க மச்சான் தாயையும் மகளையும் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனான்.

"நீங்க வரலியா?" என்றாள் மனைவி.

"கடையில வேலை கிடக்கு. முடிச்சுட்டுதானே கிளம்பணும்."

அவர்கள் தெரு முனை திரும்பும் வரை கடையில் நின்றான். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு பையோடு வீட்டுக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டான்.

பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தான். சாப்பாட்டு மேசையின் முனையில் வைத்துத் தேய்த்தான். கல்யாணத்துக்கு வாங்கிய மேசை, கெட்டி மரம், லேசில் இளகவில்லை. முனை மழுங்கி, உருண்டு, ஒரு குழந்தையின் முழங்கால் போல ஆகும் வரை தேய்த்தான். நான்கு முனைகளையும் அப்படிச் செய்தான். அடுப்படி நிலையின் ஓரத்தையும் தேய்த்தான். டம்ளர்கள் வைக்கும் தட்டின் முன்பக்கத்தில் ஒரு மெல்லிய சட்டத்தை அடித்தான், கை பட்டால் விழாமல் நிற்க. கூடத்தின் நடுவில் எப்போதும் கிடக்கும் முக்காலியைத் தூக்கிப் பரணில் போட்டான். பின்கட்டுப் படிகளின் விளிம்பில் சொரசொரப்பான பட்டையை நறுக்கி ஒட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான். கொப்புளம் இல்லை, சுருக்கம் இல்லை.

பிறகு ஒரு துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டான்.

முதல் தடவை அடி எடுத்து வைத்ததுமே நாளைக்குக் கொண்டுபோகும் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டான். வலி உச்சந்தலைக்குப் போயிற்று. அப்படியே தரையில் உட்கார்ந்தான். கட்டிய துண்டு நனைந்தது. வலிக்காக மட்டும் நனையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பெட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். படுக்கையிலிருந்து அடுப்படி. அடுப்படியிலிருந்து பின்கட்டு. எங்கே கை எதையாவது தேடித் தவித்ததோ அங்கே நின்று, துண்டை அவிழ்த்து, சரிசெய்தான். தவிப்பு இல்லாமல் போகும் வரை நடந்தான்.

நாளைக்குப் போகிற பயணத்துக்கு எல்லாரும் ஏற்பாடு செய்தார்கள். திரும்பி வருவதற்கு யாரும் செய்யவில்லை. மலையில் அவள் என்ன பார்ப்பாள், எவ்வளவு பார்ப்பாள் என்பது அவன் கையில் இல்லை. வந்து நுழைகிற வீடு அவன் கையில் இருந்தது.

தரையெல்லாம் மரத்தூள். ஈரத்துணியால் துடைத்தான். தேய்த்த இடங்களில் மரம் வெளுத்துத் தெரிந்தது. பழைய எண்ணெயைத் தொட்டுத் தடவி நிறத்தைச் சேர்த்துவிட்டான். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. தொடுகிறவளுக்குத் தெரியும், என்றைக்கோ ஒருநாள். அவள் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். கேட்காவிட்டாலும் சரி.

உப்புத்தாளைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். பூட்டுவதற்கு முன் உள்பக்கம் திரும்பி நின்று, துண்டு இல்லாமல், கண்ணை மூடினான். கையை நீட்டினான்.

வாசல் நிலை கைக்கு வந்தது. இடம் மாறாமல் அங்கேயே இருந்தது.

பூட்டிவிட்டு, வந்த வழியே கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினான்.